பேசும்னு சொன்னேன்

மாத்தலாமா வேண்டாமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா. வேற எது வேணும்னாலும் கேளுங்க. உங்க கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்கிற பன்னிரண்டு மெஷினையும் நானே வந்து பிரிச்சுத் தூசி தட்டித் தரேன். கேபிள் இழுத்துத் தரேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதை நான் விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு.

உட்காருங்க, உட்காருங்க. திருமங்கலத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க, வாசல்லயே நிக்க வச்சு அனுப்பினா நல்லா இருக்காது. ஃபேனைப் போடுறேன். என் சம்சாரம் அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. அதுவும் நல்லதுக்குத்தான். நான் சொல்லப்போறது அவங்களுக்கே தெரியாது.

யாரு என் பேரைச் சொன்னது? லினக்ஸ் வட்டத்துல கேட்டீங்களா? "கம்பைலர் தாமுவைப் போய்ப் பாருங்க, மதுரையிலயே அவர்தான் முதல்ல போட்டவரு"ன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னாங்கள்ல? ம். அந்தப் பேரு இன்னும் போகலை.

உங்களுக்கு இந்த கம்ப்யூட்டர் விஷயம் அவ்வளவா தெரியாதுன்னீங்க. பரவாயில்லை, சுருக்கமா சொல்லிடுறேன். லினக்ஸ்ங்கிறது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற அடிப்படை, காசில்லாம கிடைக்கும். சாதாரண லினக்ஸ்ல புரோகிராம் எல்லாம் தயாரா வரும். இறக்கிப் போட்டா ஓடும். உங்க இன்ஸ்ட்ரக்டர் மாத்தணும்னு சொல்றாரே, அந்த ரகத்துல அப்படி இல்லை. எழுதினவன் எழுதின மூலநிரல், சோர்ஸ்னு சொல்வோம், அது மட்டும்தான் வரும். நம்ம மெஷின்லயே, நமக்கு என்ன வேணுமோ அதை மட்டும் சேர்த்து, ஒவ்வொண்ணா கட்டிக்கணும். அதைத்தான் கம்பைல் பண்றதுங்கிறது. நாள்கணக்குல ஓடும். முடிச்சுட்டா அது முழுக்க முழுக்க நம்மளுதுன்னு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் இதுல விஷயமே. நான் அந்தப் பெருமையை மட்டும் எடுத்துக்கிட்டேன். மத்ததைச் செய்யலை.

ஆமாம்மா. நான் அதைப் போட்டதே இல்லை. அப்போ போட்டதில்லைங்கிறேன்.

நான் பாலிடெக்னிக்ல லேப் அசிஸ்டண்ட்டா இருந்தேன். முப்பத்தோரு வருஷம். லெக்சரர் வந்து பாடம் நடத்துவாரு, நான் பின்னாடி நின்னு மவுஸ் மாத்திக் குடுப்பேன். ஞாயித்துக்கிழமை காலையில சிம்மக்கல்கிட்ட ஒரு டியூஷன் சென்டர் மாடியில லினக்ஸ் வட்டம் கூடும். அங்க யாரும் யாரோட வேலையையும் கேக்க மாட்டாங்க. தெரிஞ்சவனுக்கு மரியாதை, அவ்வளவுதான். ஒரு நாள் நான் ஏதோ சின்ன புரோகிராம் ஒண்ணைக் கட்டிக்கிட்டிருந்தேன், திரையில வரி வரியா ஓடுது. பக்கத்துல இருந்த ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, நீங்க சோர்ஸ்லயேவா ஓட்டுறீங்க?"ன்னு கேட்டாரு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆமான்னும் சொல்லலை. சிரிச்சேன். அடுத்த வாரம் போறேன், "கம்பைலர் தாமு வந்துட்டாரு"ங்கிறாங்க.

அதுக்கப்புறம் ஒரு நாள் வீட்ல உட்கார்ந்து நெசமாவே போட்டுப் பார்த்தேன். வழிகாட்டியில மூணாவது பக்கத்துலயே மாட்டிக்கிட்டேன். திரும்பவும் பழையதையே ஏத்திட்டு, அந்த ரகத்தோட படத்தை மட்டும் இறக்கி முகப்புல வச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அதைத் திறந்து வச்சு உட்காருவேன். யாரும் தோண்டிக் கேக்கலை. ரெண்டு வருஷம் அப்படியே ஓடிச்சு. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க? யாரும் வந்து கேக்காத வரைக்கும் ஒண்ணும் இல்லை.

கேட்டாங்க. ஜெசிந்தா டீச்சர் கேட்டாங்க.

திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல ஹிஸ்டரி டீச்சர். பிறவியிலேயே கண்ணு தெரியாது. முப்பத்தாறு வயசு இருக்கும் அப்போ. கல்யாணம் ஆகலை. அண்ணன் சவரிமுத்துவோட வீட்லதான் இருந்தாங்க. அவருக்கு டைல்ஸ் கடை. மாசம் ஒரு ஞாயிறு அவர்தான் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வருவாரு. பின்வரிசையில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பாரு, கூட்டம் முடிஞ்சதும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு. நல்ல மனுஷன்மா. நான் ஒண்ணும் அவரைக் குறை சொல்லலை.

டீச்சரோட லேப்டாப் பேசும். திரையில இருக்கிறதை எல்லாம் வாசிச்சுக் காட்டும், அவங்க ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே டைப் அடிப்பாங்க. என் வேகத்தைவிட மூணு மடங்கு வேகம். நாம கேட்டா அந்தக் குரல் ஒண்ணுமே புரியாது, வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும். அவங்களுக்கு அது பேச்சு. ஆனா தமிழ்ல ஒரு குறை இருந்துச்சு. தமிழுக்கு நடுவுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்துட்டா, அந்தக் குரல் எழுத்தெழுத்தா தந்தி அடிக்கிற மாதிரி சொல்லும். அதைத் தாண்டி வர்ற தமிழும் கொஞ்ச நேரம் கோணலா வரும். இதுக்கு யாரோ ஒருத்தர் மூலநிரல்ல திருத்தம் எழுதி வச்சிருந்தாரு. அது தயார் புரோகிராமா நமக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகும்னு சொல்லிக்கிட்டாங்க.

அன்னைக்குக் கூட்டத்துல நாப்பது பேரு இருப்பாங்க. டீச்சர் எந்திரிச்சாங்க. "தாமோதரன் சார் இருக்காரா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

"இருக்கேம்மா, சொல்லுங்க."

"சார், எனக்கு அந்தத் திருத்தம் வேணும். அதுக்காக உங்களை மாதிரி சோர்ஸ்ல கட்டுற லினக்ஸுக்கு மாறிடலாமான்னு மூணு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். படிச்சுப் பார்த்துட்டேன். கட்டுறதுக்கு எத்தனை நாளானாலும் பரவாயில்லை. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பயம். எல்லாம் கட்டி முடிச்சு முதல் தடவை ஆன் பண்ணும்போது, அது பேசுமா?"

எனக்கு என்ன தெரியும்? தெரியாது. அது முதல் தடவை ஆன் ஆகுறதை நான் பார்த்ததே இல்லை. ஆனா எனக்கு ஒண்ணு தெரியும்மா. இதை இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்தத் திருத்தத்துக்கு முழு சிஸ்டத்தையும் மாத்தவே வேண்டாம். அந்தக் குரல் புரோகிராம் ஒண்ணை மட்டும் எடுத்து, அவங்க பழைய மெஷின்லயே கட்டியிருந்தா பத்து நிமிஷம். நானே பண்ணிக் குடுத்திருப்பேன். அதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அந்தப் பதில் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அது சின்னப் பதில் பாருங்க. லேப் அசிஸ்டண்ட் பதில். நாப்பது பேரு கம்பைலர் தாமு என்ன சொல்லப்போறாருன்னு பார்த்துக்கிட்டிருக்காங்க.

"பேசும்"னு சொன்னேன்.

"கண்டிப்பா பேசுமா சார்?"

"பேசும்மா. தைரியமா போடுங்க. ஏதாவதுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

கை தட்டினாங்கம்மா. எதுக்குத் தட்டினாங்கன்னு இன்னைக்கும் புரியலை. கண்ணு தெரியாத ஒருத்தர் இவ்வளவு பெரிய வேலையில இறங்குறாங்கன்னு டீச்சருக்காகத் தட்டியிருப்பாங்க. எனக்குத் தட்டின மாதிரி நான் தலையை ஆட்டிக்கிட்டேன்.

கோடை லீவோட கடைசி மூணு வாரத்துல அவங்க ஆரம்பிச்சாங்க. சிடியில இருந்தே மெஷினை ஓட்டிப் பேச வைக்கிற சிடி ஒண்ணு உண்டு, அதைப் போட்டு, அது சொல்லச் சொல்ல, வழிகாட்டியைப் பாதி மனப்பாடமா வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா அடிச்சிருக்காங்க. பழசை அழிச்சுட்டாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பென் டிரைவ்ல எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டாங்க. மூணு நாள் கம்பைல் ஓடியிருக்கு. நான் பார்த்த மூணாவது பக்கத்தை எல்லாம் அவங்க எப்பவோ தாண்டிட்டாங்க. நாலாவது நாள் காலையில சிடியை எடுத்துட்டு ஆன் பண்ணியிருக்காங்க.

பேசலை.

எனக்குப் போன் வந்துச்சு. "சார், ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது. வேற ஒண்ணும் வரலை."

"கொஞ்சம் வெயிட் பண்ணுங்கம்மா, முதல் தடவை நேரம் எடுக்கும்"னேன்.

அரை மணி நேரம் கழிச்சு மறுபடி. "சார், இன்னும் வரலை."

"திரும்ப ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க."

அதுக்கப்புறம் அவங்க நம்பர் வந்தா நான் எடுக்கலை. என்ன சொல்றதுன்னு தெரிஞ்சாத்தானே எடுக்க. சட்டைப் பையிலயே அடிச்சு ஓயும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பண்ணுவாங்க, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுக்கு மேல தொந்தரவு பண்ண மாட்டாங்க. அப்படிப்பட்டவங்க. ஒன்பது நாள் எடுக்கலைம்மா. லேப்ல ஆடிட்டுன்னு மெசேஜ் போட்டேன். மெசேஜை யாரு அவங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருப்பாங்கன்னு அப்போ நான் நினைச்சுப் பார்க்கலை. பழைய பட்டன் போன் அவங்களுது, பேசாது. லேப்டாப் ஒண்ணுதான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டின சாமான்.

பத்தாவது நாள் வேற நம்பர்ல இருந்து வந்துச்சு. எடுத்துட்டேன். சவரிமுத்து.

"சார், தங்கச்சி சரியா சாப்பிட மாட்டேங்குது. சிடியைப் போட்டா பேசுது, எடுத்துட்டா ஊமையாயிடுதுங்குது. ஸ்கூல் திறக்கப்போகுது. நான் பக்கத்துல உட்கார்றேன், திரையில என்ன இருக்குன்னு வாசிக்கிறேன். நீங்க என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சாரு. டீச்சர் பக்கத்துல இருந்தாங்க. "சாரி சார், உங்களுக்கு வேலை இருக்கும்"னாங்க. சாரி அவங்க சொல்றாங்க.

சவரிமுத்து திரையில இருக்கிறதை வாசிச்சாரு. இங்கிலீஷ் அவ்வளவா வராது அவருக்கு, எழுத்துக் கூட்டி வாசிச்சாரு. சவுண்ட் கார்டு இல்லைங்கிற மாதிரி ஏதோ வரி. எனக்கு அது எங்க சரி பண்றதுன்னு தெரியலை. அதைச் செய்ங்க இதைச் செய்ங்கன்னு எனக்குத் தெரிஞ்ச நாலைஞ்சைச் சொன்னேன். ஒண்ணும் ஆகலை. எதிர்ப்பக்கம் அமைதியா காத்துக்கிட்டிருக்காங்க, ரெண்டு பேரும். தெரியலைன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம இருக்கிறதுக்கு என்ன வழின்னு பார்த்தேன். எனக்கு நல்லா தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

"சரி, அது இருக்கட்டும். முதல்ல பேக்கப் நல்லா இருக்கான்னு பார்த்துடுவோம். சார், அந்தப் பென் டிரைவை உங்க கம்ப்யூட்டர்ல போடுங்க."

டீச்சர் சொன்னாங்க, "வேண்டாம் சார், பேக்கப் சரியா இருக்கு. நான் சிடியைப் போட்டுக் கேட்டுட்டேன்."

"இல்லைம்மா, கண்ணால ஒரு தடவை பார்த்துடறது நல்லது. தமிழ் எழுத்து சில சமயம் உடைஞ்சு போயிடும்."

"உடையலை சார். வேண்டாம்."

"அவர் பார்க்கட்டும்மா, ஒரு நிமிஷம்தானே."

ரெண்டு தடவை வேண்டாம்னாங்க. ரெண்டு தடவை. எனக்கு அது காதுல விழுந்துச்சு. ஆனா அந்த நேரம் யாராவது எதையாவது செஞ்சுக்கிட்டிருந்தாப் போதும், என் கிட்ட வேற எதுவும் கேக்காம இருந்தாப் போதும்னு இருந்துச்சு எனக்கு.

"போட்டுட்டேன் சார். நிறைய ஃபைல் இருக்கு. எதைத் திறக்க?"

"எதுன்னாலும் சரி. கடைசியா இருக்கிறதைத் திறந்து ரெண்டு வரி வாசிங்க."

அவர் வாசிச்சாரு. டைல்ஸ் கடையில அளவு சொல்ற மாதிரி சத்தமா, நிறுத்தி நிறுத்தி.

"அன்புள்ள முருகவேள். நேத்து உங்க கடிதத்தை மூணு தடவை கேட்டேன். மெஷின் அதை வாசிக்கிற விதம் எனக்குப் பிடிக்கலை. நடுவுல நீங்க ஒரு இங்கிலீஷ் வார்த்தை போட்டுட்டா, அடுத்து நீங்க என்னைக் கூப்பிடுற இடமெல்லாம் கோணலாயிடுது. அதைச் சரி பண்ணிட்டுத்தான் மறுபடி..."

அங்க குரல் இறங்கிடுச்சு.

"அண்ணா, மூடு"ன்னாங்க டீச்சர். கத்தலை. சாதாரணமாத்தான் சொன்னாங்க.

அவர் மூடலை. சத்தம் மட்டும்தான் நின்னுச்சு. மனசுக்குள்ள வாசிக்கிறாருன்னு எனக்கே தெரிஞ்சுச்சு, இடையில மவுஸ் உருட்டுற சத்தம் கேட்டுச்சு. "அண்ணா, மூடுன்னேன்ல." மறுபடி மவுஸ் சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு, "வச்சுடறேன் சார்"னு சொல்லி வச்சுட்டாரு.

அப்போ முதல்ல எனக்குத் தோணினது என்ன தெரியுமாம்மா? தமிழ் எழுத்து உடையலை, நல்லாத்தான் வருதுன்னு. சத்தியமா அதுதான் தோணிச்சு. ஒரு டீ போட்டுக் குடிச்சேன். பாதிக்கு மேல இறங்கலை, மீதியைக் கொட்டிட்டேன்.

முருகவேள் யாருன்னு பின்னாடி அவங்க அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சுது, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தமிழ் வாத்தியாரு. அவருக்கும் பாதிப் பார்வைதான். திருச்சியில ஏதோ பயிற்சி முகாம்ல பார்த்துப் பழகியிருக்காங்க. ரெண்டு வருஷமா ஈமெயில்ல கடிதம். வேற சாதி, வேற சாமி. டீச்சர் எழுதினது நாப்பதுக்கு மேல, அவர் எழுதினதும் அவ்வளவு. ஒவ்வொண்ணையும் எடுத்து வச்சிருந்தாங்க. அந்த வீட்ல அவங்களுக்கு வர்ற போஸ்ட் கார்டுல இருந்து பேங்க் பேப்பர் வரைக்கும் யாராவது படிச்சுச் சொல்லித்தான் பழக்கம். இந்த ஒண்ணைத்தான் யாரும் படிக்காம அவங்களே கேட்டுக்கிட்டாங்க. அந்தக் குரல் எதுக்கு அவங்களுக்கு நல்லா வரணும்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுச்சு. பாடம் எடுக்கிறதுக்குன்னுல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் போன் வரலை. காலையிலயும் வரலை, சாயங்காலமும் வரலை. வராதது எனக்கு இன்னும் மோசமா இருந்துச்சு. லீவு போட்டு வீட்ல உட்கார்ந்தேன். என் மெஷின்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சுட்டு, அந்த ரகத்தை முதல்ல இருந்து போட்டேன். அவங்க பண்ணின மாதிரியே. எட்டு நாள் ஆச்சு. கட்டி முடிச்சு ஆன் பண்ணினேன். என்னுதும் பேசலை. கெர்னல்னு ஒண்ணு இருக்கு, அடிப்படை, அதைக் கட்டும்போதே சவுண்டுக்கு ஒரு வரி, பேச்சுக்கு ஒரு வரி, ரெண்டையும் நாமதான் சேர்க்கணும். சேர்க்கச் சொல்லி அந்த வழிகாட்டியில எங்கயும் பெருசா இல்லை. கண்ணு தெரிஞ்சவன் எழுதினது. ரெண்டே ரெண்டு வரிம்மா. சேர்த்துக் கட்டினேன். பேசிச்சு.

அந்த ரெண்டு வரியை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக்கிட்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். தப்பெல்லாம் சொல்லிடணும்னுதான் போனேன். சத்திரப்பட்டி ரோட்டுல இறங்கி நடக்கும்போதுகூட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டேதான் போனேன்.

சவரிமுத்து வாசலுக்கே வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு.

"வாங்க சார். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன். அன்னைக்கு நீங்க வாசிக்கச் சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. மாதா உங்க ரூபத்துல வந்து காப்பாத்திச்சு சார்."

ஹால்ல உட்கார வச்சாரு. அவர் சம்சாரம் காபி கொண்டு வந்தாங்க, முறுக்கு கொண்டு வந்தாங்க. ரெண்டு சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு தஞ்சாவூர் போயிட்டு வந்ததைச் சொன்னாரு. அடி, சண்டை ஒண்ணும் இல்லையாம். "பக்குவமாத்தான் பேசினோம் சார். அந்தத் தம்பியும் பயந்த சுபாவம். அவங்க வீட்லயும் பிடிக்கலை. இனிமே எழுத மாட்டேன்னு சொல்லிட்டாரு." நிம்மதியா சொன்னாரு. ஒரு பெரிய பாரத்தை இறக்கி வச்ச மாதிரி. அவருக்குத் தங்கச்சி மேல அவ்வளவு பாசம்மா, பொய் இல்லை.

நான் காபியைக் குடிச்சேன்.

அப்போ வாயைத் திறந்து, "அது நன்றி சொல்ற விஷயம் இல்லை சார், எனக்கு ஒண்ணும் தெரியாததை மறைக்கத்தான் உங்களை வாசிக்கச் சொன்னேன்"னு சொல்லியிருக்கணும். சொல்லலை. காபி நல்லா இருக்குன்னு சொன்னேன்.

டீச்சர் உள்ள இருந்து வந்தாங்க. சுவரைத் தொடாம நேரா வந்து எதிர்ல இருந்த நாற்காலியில உட்கார்ந்தாங்க. "வாங்க சார்"னு மட்டும் சொன்னாங்க. லேப்டாப்பைக் கொண்டுவந்து வச்சாரு அண்ணன். நான் ரெண்டு வரியைச் சேர்த்துக் கட்ட ஆரம்பிச்சேன். மத்தியானம் வரைக்கும் ஓடிச்சு. அவங்க அசையாம உட்கார்ந்திருந்தாங்க. சவரிமுத்து கடைக்குப் போகலை, பக்கத்துலயே இருந்தாரு.

நடுவுல டீச்சர் கேட்டாங்க. "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"நான் அன்னைக்குக் கூட்டத்துல கேட்டப்போ, உங்க மெஷின்ல இது ஓடிக்கிட்டிருந்துச்சா?"

அண்ணன் என்னையே பார்க்கிறாரு. மாதா ரூபம்னு சொன்ன மனுஷன்.

"ஓடிச்சும்மா. என்னுதுல பேசிச்சு. உங்க மெஷின் சவுண்ட் கார்டு கொஞ்சம் பழசு, அதான்."

அவங்க மெஷின் மேல பழியைப் போட்டேன். அவங்க தலையை ஆட்டினாங்க.

முடிஞ்சுது. ஆன் பண்ணினேன். பேசிச்சு. ஹால் முழுக்கக் கேட்டுச்சு. டீச்சர் கை தன்னால ஹெட்போனைத் தேடிச்சு. பையில இருந்து எடுத்தாங்க. சவரிமுத்து அதை மெதுவா கையில இருந்து வாங்கிக்கிட்டாரு. "வேண்டாம்மா. இனி ஹால்லயே இருக்கட்டும். ஸ்பீக்கர்லயே கேளு. எல்லாரும் வீட்ல இருக்கோம்ல." என் பக்கம் திரும்பி, "சத்தத்தைக் குறைக்க முடியாத மாதிரி வைக்க முடியுமா சார்?"னு கேட்டாரு.

முடியாதுன்னு சொல்லிட்டேன். முடியும். ஆனா முடியாதுன்னு சொன்னேன். அந்த வீட்ல நான் சொன்ன பொய்யில அது ஒண்ணைத்தான் அவங்களுக்காகச் சொன்னேன். பெருசா ஒண்ணும் இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்றேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சவரிமுத்து பைக்ல கொண்டு வந்து விட்டாரு.

வட்டத்துக்கு அதுக்கப்புறம் நான் போகலை. முதுகு வலின்னு சொன்னேன். அவங்க என்னைப் பெரிய மனுஷனாவே வச்சிருக்காங்க. போகாம இருக்கிறவனுக்குப் பேரு கூடத்தான் செய்யும் போல. உங்களையே அனுப்பியிருக்காங்க பாருங்க. ஆனா இப்போ என் மெஷின்ல நெசமாவே அதுதான் ஓடுது. ஒன்பது வருஷமா. ஒருத்தர்கிட்டயும் காட்டினதில்லை.

மூணு வருஷம் முன்னாடி, ரிட்டயர் ஆன வாரம், டீச்சருக்குப் போன் பண்ணினேன். நம்பர் மாறலை. நாகர்கோவில் பக்கம் டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். வேலைக்குப் போற பொம்பளைங்க தங்குற விடுதியில தனி ரூம். முருகவேளுக்கு வேற இடத்துல கல்யாணம் ஆயிடுச்சுன்னு யாரோ சொல்லித் தெரியுமாம். அவங்களுக்கு ஆகலை. அதையெல்லாம் நான் கேக்காமலே சொன்னாங்க, ஸ்டாஃப் ரூம்ல பேசுற மாதிரி சாதாரணமா.

நான் சொன்னேன், "டீச்சர், அன்னைக்கு என் மெஷின்ல அது ஓடலை. நான் அதைப் போட்டதே இல்லை. தெரியாமத்தான் பேசும்னு சொன்னேன்."

"தெரியும் சார்"னாங்க.

"எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. நெசமா போட்டவங்களா இருந்தா, அது பேசுதா பேசலையான்னு நான் கவனிச்சதில்லையேன்னு சொல்லியிருப்பாங்க. கண்ணு தெரியறவங்க அதை ஏன் கவனிக்கப் போறாங்க? நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காம பேசும்னு சொன்னீங்க."

"தெரிஞ்சும் ஏம்மா போட்டீங்க?"

"பேசும்னு ஒருத்தர் சொன்னது நல்லா இருந்துச்சு சார்"னாங்க.

மன்னிச்சுடுங்கம்மான்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவங்க பொறுமையா கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

"மெஷின் ஊமையானதை நான் எப்பவோ மறந்துட்டேன் சார். அது என் ஆசைக்கு நானே இழுத்துக்கிட்டது. வேண்டாம் வேண்டாம்னு சொன்னப்போ நீங்க அண்ணனைத் திறக்கச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன பிரயோஜனம்? அண்ணன் இன்னைக்கும் அதைக் கடவுள் செயல்னு சொல்லிக்கிட்டிருக்காரு. கிறிஸ்துமஸுக்குப் போனா சொந்தக்காரங்க முன்னாடி உங்க பேரைச் சொல்லிப் பாராட்டுறாரு. நான் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பேன். நீங்க ஒரு தடவை அவரைப் போய்ப் பாருங்க. அது கடவுள் இல்லை, நான்தான், எனக்கு வேலை தெரியலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவு போதும் எனக்கு."

"கண்டிப்பா போறேம்மா"ன்னேன்.

அந்த வாரமே போகலாம்னு இருந்தேன். பெரிய பொண்ணுக்குப் பிரசவம் வந்துச்சு. அப்புறம் மழை. அப்புறம் அவருக்கு ஏதோ நெஞ்சு வலின்னு கேள்விப்பட்டேன், இந்த நேரத்துல போய்ச் சொல்றது சரியில்லைன்னு தோணிச்சு. இப்போ நல்லாத்தான் இருக்காராம், கடைக்கு வர்றாராம்.

மூணு வருஷமாச்சும்மா. இங்கேயிருந்து திண்டுக்கல் ஒண்ணரை மணி நேரம், ஆரப்பாளையத்துல கால் மணிக்கு ஒரு பஸ். ரெண்டு தடவை ஏறி உட்கார்ந்தேன். ஒரு தடவை பாதி வழியில, வாடிப்பட்டியில இறங்கிட்டேன். ஒரு தடவை வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன்.